பேட்டரியைக் கழற்றிய பின்னும் கனலும் கம்பி

மாடல் விமானம் எனப்படும் சிற்றுரு விமானங்களின் எஞ்சினில் சிலிண்டரின் தலையில் திருகப்படும் குளோ பிளக், விரல்நுனி அளவு எஃகு உடலும் அதன் அடிக்குழியில் சில சுற்றுப் பிளாட்டினக் கம்பியும் மட்டுமே கொண்ட சிறு பொருள். ஆனாலும் எரிபொருள் எந்தக் கணத்தில் பற்றிக்கொள்கிறது, மெதுவாக ஓடும்போது எஞ்சின் நின்றுபோகாமல் தாங்குகிறதா, நடுவானில் திடீரென்று அடங்கிவிடுகிறதா என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது. கோவை–திருச்சி நெடுஞ்சாலையும் திருப்பூர்–தாராபுரம் சாலையும் கூடும் அவிநாசிபாளையத்தின் சுற்றுவட்டாரப் பட்டறைகளில் 'பிளக்' என்றால் இரண்டு பொருள்களே நினைவுக்கு வரும். ஒன்று பெட்ரோல் வண்டியில் ஒவ்வொரு சுழற்சிக்கும் மின்பொறி தெறிக்கும் ஸ்பார்க் பிளக். மற்றது டீசல் வண்டி குளிர்ந்து கிடக்கும்போது அறையைச் சூடேற்றிக் கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஹீட்டர் பிளக். குளோ பிளக் இந்த இரண்டிலும் சேராதது. அது கிளம்பும்போது மட்டும் பேட்டரியால் சூடாகிறது. பேட்டரியைக் கழற்றிய பின்னும், மின்சாரமே இல்லாமல், எஞ்சின் ஓடும் நேரம் முழுவதும் கனன்றுகொண்டே இருக்கிறது. இந்தக் கனல் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் நம்பகமான பிளக்கைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இதற்கான விடையின் தொடக்கம் 1817-இல் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கான பாதுகாப்பு விளக்கை உருவாக்கிய ஹம்ஃப்ரி டேவி, அந்த ஆய்வின் தொடர்ச்சியில், சூடாக்கிய மெல்லிய பிளாட்டினக் கம்பியை எரிவாயுவும் காற்றும் கலந்த கலவைக்குள் நுழைத்தபோது, சுடரே தோன்றாத நிலையிலும் கம்பி செந்நிறமாகிக் கனன்றுகொண்டிருப்பதைக் கண்டார். சாராய ஆவியிலும் ஈதர் ஆவியிலும் அதே விளைவு கிடைத்தது. செம்பு, வெள்ளி, இரும்புக் கம்பிகளில் கிடைக்கவில்லை. தான் செலவாகாமல் வேறு பொருள்களின் வினையை விரைவுபடுத்தும் இத்தகைய பொருளின் செயலுக்கு 1835-இல் பெர்சீலியஸ் பெயர் சூட்டினார். இன்று அத்தகைய பொருளைத் தமிழில் வினையூக்கி என்கிறோம். டேவி கண்டதற்கும் அது சிறு எஞ்சினுக்குள் புகுந்ததற்கும் இடையே 130 ஆண்டுகள் கழிந்தன. அதுவரை மாடல் விமானங்கள் ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு வேண்டிய காயில், கண்டென்சர், பேட்டரி ஆகியவற்றையும் சுமந்தே பறந்தன. சில கிராம் எடைக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய சிறு விமானத்துக்கு அது பெரும்பாரம். 1947-இல் அமெரிக்காவின் ரே ஆர்டன் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சுமை முழுவதும் தரையிலேயே தங்கிவிட்டது. வானில் ஏறியது பிளாட்டினச் சுருள் மட்டுமே.

அந்தச் சுருளுக்கு ஏற்ற எரிபொருள் மெத்தனால். பிளாட்டினத்தின் மேற்பரப்பில் மெத்தனால் ஆவி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் எளிதில் வினைபுரிந்து வெப்பம் தருகிறது. பெட்ரோல் ஆவியைக் கொண்டு அதே சுருளை இவ்வாறு கனலவைப்பது கடினம். ஆனால் கம்பியைக் கனலவைக்கும் அதே மெத்தனால் அதைக் குளிர்விக்கவும் செய்கிறது. ஒரு கிலோ மெத்தனால் ஆவியாக ஏறத்தாழ 1,100 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது; பெட்ரோலுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று தேவைப்பட, மெத்தனாலுக்கு 6.5 கிலோ காற்றே போதும் என்பதால், அதே அளவு காற்றுடன் இருமடங்குக்கும் மேலான மெத்தனால் உள்ளே செல்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், உள்ளே வரும் காற்றை மெத்தனால் குளிர்விக்கும் அளவு பெட்ரோலைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு. நிமிடத்துக்கு 12,000 சுற்றுச் சுழலும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்த ஈரக் குளிரும் அடுத்து வரும் தீயும் ஒரு நொடிக்கு 200 முறை மாறிமாறித் தாக்க, அவற்றுக்கு நடுவே அந்த மெல்லிய கம்பி அணையாமலும் உருகாமலும் நிற்க வேண்டும். தூய பிளாட்டினம் 1,768 டிகிரி செல்சியசில்தான் உருகும் என்றாலும் அது மென்மையானது. ஆகவே ரோடியமோ இரிடியமோ சிறிதளவு கலந்து அதற்கு உறுதி ஊட்டுகிறார்கள். பின்னலாடை ஊர்க்காரர்களுக்கு இந்த உலோகம் அறிமுகமில்லாததுபோல் தோன்றினாலும், திருப்பூரின் பின்னல் இயந்திரங்களில் ஓடும் விஸ்கோஸ் நூலின் ஒவ்வோர் இழையும் பெரும்பாலும் தங்கமும் பிளாட்டினமும் கலந்த தட்டின் நுண்துளை வழியே பிறந்ததுதான். ஒரு பக்கம் காரக் கரைசலும் மறுபக்கம் கந்தக அமிலத் தொட்டியுமாக இருக்கும் இடத்தில் அரிக்கப்படாமல் நிற்க வேறு உலோகங்கள் எளிதில் கிடைப்பதில்லை.

ஆக, எஞ்சின் ஓடும்போது எரிபொருள் பற்றிக்கொள்வது மூன்று வெப்பங்கள் கூடும் கணத்தில்: பிஸ்டன் கலவையை அழுத்துவதால் எழும் வெப்பம், முந்தைய சுழற்சியின் தீயிலிருந்து சுருளில் தங்கிய வெப்பம், பிளாட்டினத்தின் மேற்பரப்பு வினை தரும் வெப்பம். இந்தக் கணத்தைக் குறிக்கத் தனிக் கருவி எதுவும் எஞ்சினில் இல்லை. காரில் கணினி செய்யும் வேலையை, அதாவது பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு எவ்வளவு முன்னால் தீ பிறக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் வேலையை, இங்கே சுருளின் சூடு செய்கிறது. கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, உலோகக் கலவை, சுருள் அமர்ந்திருக்கும் குழியின் அகலம் ஆகியவற்றைப் பொறுத்துச் சில பிளக்குகள் வெப்பத்தை அதிகம் தக்கவைக்கின்றன. இவை 'ஹாட்' வகை, தீயை முந்திப் பிறப்பிப்பவை. வெப்பத்தை விரைவில் சிலிண்டர் தலைக்குக் கடத்திவிடும் பிளக்குகள் 'கோல்ட்' வகை, தீயைத் தாமதிப்பவை. வேண்டியதைவிடச் சூடான பிளக் போட்டால் பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே தீ எழுந்து அதை எதிர்த்துத் தள்ளும். எஞ்சினிலிருந்து எண்ணெயில் கடுகு பொரிவதுபோன்ற சடசடப்புக் கேட்கும், சுருள் நசுங்கும், சில சமயம் புரொப்பல்லரின் நட்டே தளர்ந்துவிடும். வேண்டியதைவிடக் குளிர்ந்த பிளக் போட்டால் பேட்டரியைக் கழற்றியவுடன் வேகம் சரியும், மெதுவாக ஓடும்போது எஞ்சின் நின்றுவிடும். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தீ எழுவதால், இடையில் சுருள் ஆறிவிடாமல் இருக்க அதற்கென்று சூடான பிளக்குகள் தனியே செய்யப்படுகின்றன.

இங்கேதான் இந்திய மாடலர்களின் சிக்கல் தொடங்குகிறது. எஞ்சினோடு வரும் கையேடு பரிந்துரைக்கும் பிளக், பெரும்பாலும், மெத்தனாலுடன் 10 அல்லது 15 விழுக்காடு நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனைக் கொண்ட நைட்ரோமீத்தேன், ஒரு கிலோவுக்கு 1.7 கிலோ காற்றுடனேயே எரிந்துவிடக்கூடியது. ஆற்றலைக் கூட்டுவதோடு, மெதுவாக ஓடும்போது தீ அணையாமல் பிடித்துவைக்கவும் உதவுகிறது. நம் நாட்டில் அது விலை உயர்ந்தது, கிடைப்பதும் அரிது. எனவே மெத்தனாலும் ஆமணக்கு எண்ணெயும் மட்டும் கலந்த எரிபொருளே இங்கே பலருக்கும் கைவசப்படுவது. அப்படிப்பட்ட எரிபொருளில் தீ சற்றுச் சோம்பலாகவே எழும். கையேடு சொல்லும் பிளக்கைவிட ஒரு படி சூடான பிளக்கை எடுப்பதே இதற்குச் சரியான ஈடு. விலையுயர்ந்த பிளக்கை வாங்கிப் போட்டும் எஞ்சின் நிற்கிறது என்று அந்தப் பிளக்கின்மேல் பழிபோடுவோரில் பலருடைய உண்மையான குறை இதுதான்: பிளக் நல்லது, ஆனால் வேறோர் எரிபொருளுக்கு நல்லது. நைட்ரோ இல்லாத எரிபொருள் தாழ்ந்தது என்று எண்ணவும் வேண்டியதில்லை; கம்பி பிடித்து வட்டமாகப் பறக்கவிடும் கண்ட்ரோல் லைன் வகையின் பன்னாட்டு வேகப் போட்டிக்கு விதிக்கப்பட்ட எரிபொருளே 80 பங்கு மெத்தனாலும் 20 பங்கு ஆமணக்கு எண்ணெயும்தான்.

அந்த ஆமணக்கு எண்ணெய் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. வீடுகளில் விளக்கெண்ணெய் என்ற பெயரில் இருப்பதும், முன்பு மாட்டுவண்டியின் அச்சுக்கு இட்டதும் அதுவே. மெத்தனாலில் நன்றாகக் கரையும் என்பதும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானாலும் உடனே எரிந்து மறையாமல் பிசுபிசுப்பான படலமாக மாறி உலோகத்தைக் காக்கும் என்பதும் அதன் பெருமைகள். அதே படலம் நாளடைவில் பழுப்பு நிறப் பூச்சாகச் சுருள்மேல் படிந்து வினையூக்கத்தைக் குறைக்கும் என்பது அதன் குறை. ஆனால் எஞ்சினைக் காப்பாற்றும் எண்ணெய்க்காக அவ்வப்போது ஒரு பிளக்கை இழப்பது நட்டமாகாது.

மெத்தனால் பற்றித் தனியே ஒன்று சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த சாராயத்தில் இருந்தது இந்தப் பொருள்தான். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிக்கிறது, பின்பு உயிரையும் எடுக்கிறது. தமிழ்நாட்டில் இதை வைத்திருக்க உரிமம் வேண்டும் என்ற கட்டுப்பாட்டை விளையாட்டுக்கு வந்த தொல்லையாக எண்ணுவது தவறு. குளிர்பான பாட்டிலில் இதை ஊற்றி வைப்பது மன்னிக்க முடியாத அலட்சியம். பகல் வெளிச்சத்தில் இதன் சுடர் கண்ணுக்கே தெரியாது என்பதையும் எஞ்சினருகே நிற்பவர்கள் மறக்கக் கூடாது. காற்றிலிருக்கும் ஈரத்தை மெத்தனால் தானே இழுத்துக்கொள்ளும் என்பதால் பாதி காலியான டப்பாவில் மாதக்கணக்கில் கிடந்த எரிபொருளில் நீர் சேர்ந்திருக்கும். அந்த நீர் சுருளைக் குளிர்விக்கும்போதும் பழி பிளக்கின்மேல்தான் விழுகிறது.

எரிபொருளுக்கு அடுத்தபடி இடத்தின் காற்று. அவிநாசிபாளையத்துக்குக் கிழக்கே காங்கேயம் வரையிலும், தெற்கே தாராபுரம் வரையிலும் பரந்து கிடக்கும் கொறங்காடுகள், அதாவது கிளுவை வேலி சூழ்ந்து கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமும் வளரும் மேய்ச்சல் நிலங்கள், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருப்பவை. சித்திரை மதியத்தின் 40 டிகிரி வெயிலில் அங்குள்ள காற்று, கடலோரத்து 20 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்திருக்கும் என்பது எளிய கணக்கு. காற்று குறைந்தால் அதே அளவு எரிபொருள் மிகையாகிவிடும்; ஆகவே ஓட்டுபவர் எரிபொருள் ஊசியைச் சில பற்கள் மூடுகிறார், எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆபத்து மறுநாள் காலையில் வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து பொங்கலூர், கேத்தனூர்க் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று பகலில் சிறு விமானத்தைப் பறக்கவிடாது. காற்று சற்று அடங்கியிருக்கும் விடியற்காலையே பறப்பதற்கு வாய்த்த நேரம். அந்த நேரத்துக் குளிர்ந்த, அடர்ந்த காற்றில், முந்தைய நாள் மதியம் தரையில் ஓட்டிப் பார்த்து மூடிய ஊசியோடு எஞ்சினைக் கிளப்பினால் எரிபொருள் போதாமல் கலவை வறண்டு, சூடு ஏறி, சுருள் அறுந்துவிடும். காலையும் மாலையும் ஊசியைப் புதிதாகத் திருத்திக்கொள்பவருக்கு ஒரு பிளக் பல மடங்கு கூடுதலாக உழைக்கும்.

கடையில் தேர்ந்தெடுக்கும்போது எண்களை நம்பக் கூடாது. இத்தாலியின் ரோசி பிளக்குகளில் ஆர்1 மிகச் சூடானது, ஆர்8 மிகக் குளிர்ந்தது, ஜப்பானின் என்யாவில் 3 சூடானது, 6 குளிர்ந்தது, ஒசாக்காவின் ஓ.எஸ். நிறுவனத்தில் 8 என்பது நடுத்தரச் சூடுடைய, பலரும் பயன்படுத்தும் பிளக், ஏ3 அதைவிடச் சூடானது, எஃப் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு உரியது. ஒரு நிறுவனத்தின் எட்டும் இன்னொன்றின் எட்டும் ஒன்றல்ல. மரை பெரும்பாலானவற்றுக்குப் பொதுவானது, கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 32 புரி. ஆனால் மரைப்பகுதியின் நீளம் குட்டை, நெட்டை என இருவகைப்படும். சிறு எஞ்சினில் நெட்டை பிளக்கைத் திருகினால் பிஸ்டனே அதில் மோதக்கூடும். சில பிளக்குகளின் வாயில் குறுக்கே இருக்கும் சிறு பட்டை, மெதுவாக ஓடும்போது தெறிக்கும் ஈர எரிபொருள் சுருளை அணைத்துவிடாமல் தடுப்பதற்கானது. இவற்றையெல்லாம் பார்த்து எஞ்சினுக்கும் எரிபொருளுக்கும் பொருந்தும் ஒரு வகையைக் கண்டுகொண்டபின், அதே வகையில் ஐந்தாறு வாங்கி வைப்பது, வகைக்கொன்றாக ஆறு வாங்குவதைவிட நல்லது. மாறிக்கொண்டே இருக்கும் பிளக்கோடு எஞ்சினின் குறையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பின்னலாடைப் பட்டறைகளில் துணியின் கண்ணிகளை எண்ணப் பயன்படும் மடக்குக் கண்ணாடி பிளக்கைச் சோதிக்கவும் சிறந்த கருவி. புதிய பிளக்கின் சுருள் குழியின் நடுவே நிற்க வேண்டும், சுற்றுகளுக்கு இடையே சம இடைவெளி இருக்க வேண்டும், எந்தச் சுற்றும் சுவரையோ அடுத்த சுற்றையோ தொடக்கூடாது. 1.5 வோல்ட் கொடுத்தால் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை ஒரே சீரான ஆரஞ்சு நிறம் எழ வேண்டும். பாதி கனன்று பாதி மங்கிக் கிடந்தால் சுற்றுகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. இந்தச் சோதனையில் பிளக்கைவிடப் பேட்டரியே அதிகம் ஏமாற்றும். சுருள் கேட்பது ஏறத்தாழ 3 ஆம்பியர், அதாவது அதன் மின்தடை அரை ஓம் மட்டுமே. சாதாரண டார்ச் பேட்டரியின் உள்தடையே இந்த அரை ஓமுக்கு ஈடுகொடுக்கும் என்பதால் வோல்டேஜ் பாதியாக விழுந்துவிடும். பெரிய ரீசார்ஜபிள் செல் ஒன்று 1.2 வோல்ட் மட்டுமே கொடுத்தாலும் விழாமல் தாங்கும். பேட்டரி தாங்கினாலும் வயர் தாங்க வேண்டும்: அரை சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள மெல்லிய வயரை இரண்டு மீட்டர் நீளத்துக்கு இழுத்தால், போய்வரும் நான்கு மீட்டர் செம்பு 0.14 ஓம் தடை தந்து, வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக வழியிலேயே தின்றுவிடும். மாறாக, 2 வோல்ட் தரும் லெட்-ஆசிட் செல்லை நேரே இணைத்தால் சுருள் வெண்மையாகக் கனன்று அறுந்துபோகக்கூடும்.

பனியன் வேஸ்ட் எனப்படும் பின்னல்துணித் துண்டுகள் தமிழ்நாட்டின் எல்லாப் பட்டறைகளிலும் துடைக்கப் பயன்படுகின்றன; அவற்றில் பெரும்பகுதி புறப்படுவது இந்த வட்டாரத்திலிருந்துதான். எஞ்சினின் வெளிப்புறத்தைத் துடைக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் பிளக்கின் வாயை அதைக் கொண்டு துடைப்பது இரண்டு வகையில் தவறு. பஞ்சு இழை சுருளில் சிக்கும் என்பது ஒன்று. அது எரிந்துபோகும், பெரிய கேடில்லை. பனியன் துணிக்கு மென்மை ஊட்டச் சாயப்பட்டறைகளில் சிலிக்கோன் சாஃப்ட்னர் ஏற்றப்படுகிறது என்பது மற்றொன்று, கவனிக்க வேண்டியதும் இதுவே. சிலிக்கோன் கலந்த ஆவி சூடான பிளாட்டினத்தின்மேல் எரியும்போது மணலின் மூலப்பொருளான சிலிக்கா படலமாகப் படிந்து வினையூக்கத்தை முடக்கும். தொழிற்சாலைகளின் எரிவாயுக் கசிவுக் கருவிகளில் உள்ள பிளாட்டின உணரிகளை சிலிக்கோன் கெடுப்பது நன்கு அறியப்பட்ட ஒன்று. ஈயமும் பிளாட்டினத்துக்கு இத்தகைய நஞ்சு. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுவதற்குக் கார்களின் பிளாட்டின வினையூக்கியைக் காப்பதும் ஒரு காரணம். இவ்வாறு நஞ்சேறிய சுருள் பேட்டரியில் புதியதைப்போலவே பளிச்சென்று கனலும். பேட்டரியைக் கழற்றினால்தான் செத்துப்போயிருப்பது தெரியும். பார்வைக்கு நல்லதாக இருக்கும் பிளக்கை இன்னொரு பிளக் போட்டுப் பார்க்காமல் நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

பயன்படுத்திய பிளக்கின் சுருள், எஞ்சினுக்குள் நடந்ததைக் கண்ணாடியின் அடியில் விரிவாகவே காட்டும். சுருள் நசுங்கிச் சாய்ந்திருந்தால் தீ முந்திப் பிறந்திருக்கிறது. வெளுத்துச் சொரசொரப்பாக இருந்தால் கலவை வறண்டிருக்கிறது. பளபளக்கும் நுண்துகள்கள் ஒட்டியிருந்தால் எஞ்சினின் உலோகம் தேய்கிறது; புதிய எஞ்சினைப் பழக்கும் முதல் சில டாங்குகளில் இது இயல்பு என்பதால், அந்த ஓட்டங்களுக்குப் பழைய பிளக் ஒன்றைப் போட்டுவிட்டு, பறக்கும் நாளில் நல்லதைத் திருகுவது சிக்கனம். சுருளில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் எஞ்சினை மீண்டும் கிளப்பும் முன் அந்தத் துண்டைத் தேடி எடுத்தாக வேண்டும்.

பிளக் பொருந்துகிறதா என்பதற்கான இறுதிச் சோதனை தரையிலேயே முடிந்துவிடும். எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஊசியைச் சரியாகத் திருத்தி, சுழற்சிமானியில் எண்ணைப் பார்த்துக்கொண்டே பேட்டரியைக் கழற்ற வேண்டும். வேகம் அசையாமல் நின்றால் பிளக் போதிய சூடுடையது, சில நூறு சுற்றுகள் சரிந்தால் ஒரு படி சூடானதுக்கு மாற வேண்டும். பிறகு மெதுவான ஓட்டத்தில் அரை நிமிடம் விட்டு, சட்டென்று வேகத்தைத் திறக்கும்போது தயங்காமல் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். முழு வேகத்தில் தேறிய பிளக் இந்த இரண்டாம் சோதனையில் தோற்பது உண்டு. விமானம் தரையிறங்க வரும்போது நிற்கும் எஞ்சின் இந்தச் சோதனையைத் தவிர்த்த எஞ்சினே.

பறத்தல் முடிந்ததும் டாங்கிலுள்ள எரிபொருளை வடித்து, எஞ்சினில் மிஞ்சியதை ஓட்டியே தீர்த்து, பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் மூன்று நான்கு சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுழற்றி வைப்பது நல்ல பழக்கம். மெத்தனால் இழுத்துவைத்த ஈரம் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்காமல் இது காக்கும். அதற்கு அவிநாசிபாளையத்தில் எந்த வீட்டிலும் கிடைக்கும் வெள்ளைத் தையல் மெஷின் எண்ணெயே போதும், சிலிக்கோன் கலவாததாக இருந்தால். மறுநாள் விடியலில் பேட்டரியை வைத்தவுடன் பிளக்கின் வாயிலிருந்து மெல்லிய புகை ஒன்று எழுந்து அடங்கும். சுருளில் ஒட்டியிருந்த அந்த எண்ணெய்தான் எரிகிறது. புகை நின்றதும் ஆரஞ்சு நிறம் சுற்றுக்குச் சுற்று ஏறி நிறைகிறதா என்று பார்த்துவிட்டுப் புரொப்பல்லரில் கைவைக்கலாம்.